ஆயா கேட்டது பன்னீர்... தம்பி வாங்கி வந்தது பனீர்! - ஒரு சீஸ் பெயரின் கதை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. வாசலில் சந்தனக் கிண்ணம் ரெடி, கல்கண்டு ரெடி, வெள்ளிப் பன்னீர் செம்பும் பளபளவென்று துடைத்து வைத்தாயிற்று. உள்ளே ஊற்றத்தான் பன்னீர் இல்லை. "டேய், கடைக்கு ஓடி பன்னீர் வாங்கினு வாடா" என்று ஆயா விரட்ட, சித்தப்பா பையன் பைக்கை எடுத்துக்கொண்டு தேரடிப் பக்கம் பறந்தான். பத்து நிமிடத்தில் திரும்பியவன் கையில், ஜில்லென்று வேர்த்துக்கொண்டிருந்த ஒரு பாக்கெட். 200 கிராம் பனீர்.

"இன்னாடா இது? பன்னீர் கேட்டா கட்டிய வாங்கினு வந்துகீற?"

"நீதான ஆயா பன்னீர்னு சொன்ன? இதான் பன்னீர். பாக்கெட்லயே போட்டுக்கீது பாரு."

வீடே சிரித்தது. ஆயா மட்டும் சிரிக்கவில்லை. பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பேரன் சொன்னது உண்மைதான். பாக்கெட்டில் பெரிய எழுத்தில் 'பன்னீர்' என்றே அச்சிட்டிருந்தது. எழுபது வருடங்களாக அவர் ஒரு பொருளுக்குச் சொல்லிவந்த பெயர், இப்போது வேறொரு பொருளின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது.

யார் யாருடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாரசீகம், ராயபுரம், திருச்செந்தூர், கம்பம் என்று ஒரு பெரிய சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் நீங்கள் நேற்று ஆர்டர் செய்த பனீர் பட்டர் மசாலாவில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரே தெரு... ரெண்டு பன்னீர்!

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளின் போர்டுகளில் 'பன்னீர் ஃப்ரைடு ரைஸ்', 'பன்னீர் 65', 'பனீர் நூடுல்ஸ்' என்று வண்டிக்கு ஒரு ஸ்பெல்லிங் இருக்கும். நாலு கடை தள்ளி ஒரு பெட்டிக்கடையில் 'பன்னீர் சோடா' தொங்கும். அதை வாங்கிக் குடிக்கும் யாரும் உள்ளே வெள்ளைக் கட்டி மிதக்குமோ என்று பயப்படுவதில்லை. பக்கத்திலிருக்கும் பூஜை சாமான் கடையில் சின்ன பாட்டிலில் இருப்பதும் பன்னீர்தான். அது கோயில் அபிஷேகத்துக்கு, இது வாசலில் தெளிக்க.

ஆக, எழுத்து ஒன்று. ஆனால் ஒரு பன்னீரைத் தெளிக்கலாம், இன்னொன்றைக் கத்தியால் வெட்டலாம். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நினைத்தால், அதுதான் தப்பு. இரண்டு சொற்களுக்கும் எந்த ரத்த சம்பந்தமும் கிடையாது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேர் ஒரே தெருவுக்குக் குடிவந்த கதை இது.

பன்னீர்: பனி மாதிரி சொட்டிய நீர்

முதலில் ஆயாவின் பன்னீர். தண்ணீர், வெந்நீர், கண்ணீர், செந்நீர்... இந்த வரிசையில் பன்னீரை வைத்துச் சொல்லிப் பாருங்கள். கச்சிதமாக உட்காரும். தண்மையான நீர் தண்ணீர். வெம்மையான நீர் வெந்நீர். பனி போன்ற நீர் பன்னீர். பனி + நீர் என்பதுதான் சொல்லின் பிறப்பு.

தமிழில் சுருங்கிவிட்ட இந்தச் சொல், மலையாளத்தில் இன்னும் முழு உருவத்தோடு இருக்கிறது. அங்கே 'பனிநீர்' என்றால் ரோஜாவிலிருந்து எடுத்த வாசனை நீர். 'பனிநீர்ப்பூ' என்றால் ரோஜாப்பூ. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பன்னீரு' என்கிறார்கள். எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதான்.

ஏன் பனி? பன்னீர் தயாராகும் விதத்தைப் பார்த்தால் புரியும். ரோஜா இதழ்களைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். கிளம்பும் ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த கலத்துக்குப் போகும். அங்கே குளிர்ந்து சொட்டுச் சொட்டாக நீராகும். விடியற்காலையில் இலையில் பனி கோப்பதும் இதே மாதிரிதான். காற்றிலிருக்கும் ஈரம், குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் துளியாகிறது. வாலைவடித்தல் என்று பள்ளியில் படித்தோமே, அதை இரண்டே அசையில் சொல்லிவிட்ட பெயர் இது.

இங்கே இன்னொரு சுவாரசியம். பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் நீர். இரண்டும் சேர்ந்த 'குலாப்', அங்கே ரோஜா நீரைக் குறிக்கும். அதுதான் இந்திக்கு வந்து, ரோஜாப்பூவின் பெயராகவே மாறிவிட்டது. மலையாளத்தில் பனிநீர் எப்படிப் பூவின் பெயரானதோ, அதே கதை. ஜாமூன் என்பது நாவல் பழம். எனவே, ரோஜா வாசனைப் பாகில் ஊறிய குலாப் ஜாமூனை நேராகத் தமிழ்ப்படுத்தினால் 'பன்னீர் நாவல்' என்று வரும். அடுத்த முறை ஸ்வீட் கடையில் கேட்டுப் பார்க்காதீர்கள். பனீரில் செய்த ஏதோ ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

பன்னீர் குடும்பம் ரொம்பப் பெருசு

வாசனையாக, இனிப்பாக, மேன்மையாக எதைப் பார்த்தாலும் தமிழர்கள் அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கறுப்புத் திராட்சை, பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹேம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் வகைத் திராட்சைகளின் வாசனைக்குக் காரணமான ஜெரானியால் என்ற வேதிப்பொருள், ரோஜாவிலும் இருக்கிறது. திராட்சைக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பொங்கலுக்கு வாசலில் சாய்த்து வைக்கிறோமே, அந்தக் கருஞ்சிவப்புக் கரும்பு பன்னீர் கரும்பு. வெள்ளைப் பூவால் ஊரையே மணக்கவைக்கும் ஒரு மரம் பன்னீர் மரம். திருச்செந்தூர் முருகன் கோயிலில் விபூதியை வைத்துக் கொடுப்பது பன்னீர் இலையில். 'முருகனின் பன்னிரு கைகளைக் குறிக்கும் பன்னிரு இலைதான் பன்னீர் இலை ஆனது' என்று பக்தர்கள் சொல்வதுண்டு. பழகிய ஒலிக்குள் வேறொரு பொருளைக் கேட்பது நமக்குப் புதிதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

மனிதர்களுக்கும் இந்தப் பெயர் உண்டு. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான சர் ஏ.டி.பன்னீர்செல்வம், 1940 மார்ச் 1-ம் தேதி ஓமன் வளைகுடாப் பகுதியில் காணாமல்போன 'ஹானிபல்' விமானத்தில் பயணம் செய்தவர். நம் காலத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம். அவர் அரசியலுக்கு வந்த பெரியகுளமும் பன்னீர் திராட்சை விளையும் கம்பமும் ஒரே மாவட்டம் என்பது தற்செயல்தான். இந்தப் பெயர்களை வைத்த பெற்றோர் மனதில் இருந்தது மணக்கும் நீர். பாலாடைக்கட்டி இல்லை.

கோலி சோடாவையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். கழுத்தில் கோலிக்குண்டு அடைத்த அந்த பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கியவர், லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட். பாட்டில் அவருடையது. அதற்குள் ரோஜா எசென்ஸ் விட்டு, 'பன்னீர் சோடா' என்று பெயர் வைத்தது நாம்.

பனீர்: பாரசீகத்திலிருந்து நாஸ்டாவோடு வந்த சொல்

இப்போது பாக்கெட்டுக்குள் இருப்பவரைப் பார்ப்போம். பாரசீகத்தில் 'பனீர்' என்றால் சீஸ். எந்தச் சீஸாக இருந்தாலும் பனீர்தான். ஈரானில் காலையில் ரொட்டியோடு பனீர் வைத்துச் சாப்பிடுவது தினசரி வழக்கம். அது நம்ம பனீர் மாதிரி இருக்காது. உப்பு நீரில் ஊறவைத்த, புளிப்பும் உப்புமான வெள்ளைச் சீஸ்.

இந்தச் சொல் அக்கம்பக்கத்து நாடுகளிலெல்லாம் இருக்கிறது. ஆர்மீனிய மொழியில் பனிர். துருக்கியில் பெய்னிர். அஜர்பைஜானில் பெண்டிர் (நம் தமிழ்ப் பெண்டிர் கோபித்துக்கொள்ள வேண்டாம்!). கிழக்கே உருதுவிலும் இந்தியிலும் பனீர். இங்கே வந்தபோது சொல்லின் பொருள் மட்டும் குறுகிவிட்டது. எல்லாச் சீஸுக்கும் பொதுவான பெயராக இருந்தது, புளிப்பு விட்டுத் திரித்து, பிழிந்து, அமுக்கிய ஒரே ஒரு வகைக்கான பெயராக ஆனது.

'பாரசீகமா, அது எங்கேயோ இருக்கு' என்று வடசென்னைக்காரர்கள் சொல்ல முடியாது. காலையில் "நாஸ்டா ஆச்சா?" என்று கேட்கிறோமே, அந்த நாஸ்டா பாரசீகச் சொல். அங்கே 'நாஷ்தா' என்றால் வெறும் வயிறு. வெறும் வயிற்றில் சாப்பிடுவது என்ற வழியில் காலை உணவுக்குப் பெயராகி, உருது வழியாக ராயபுரம், வண்ணாரப்பேட்டை இட்லிக் கடைகள்வரை வந்து சேர்ந்துவிட்டது. "ஒரே பேஜாரா கீதுபா" என்கிறோமே, 'பேஜார்' வந்த வழியும் அதுதான். சலித்துப்போன நிலைக்குப் பாரசீகத்தில் 'பேஸார்'. போலீஸ் பந்தோபஸ்து, பர்மா பஜாரின் பஜார், கல்யாண வீட்டின் குஷி எல்லாம் அதே ஊர்ச் சரக்கு. ஆற்காடு நவாப் ஆட்சியின் அலுவல்மொழி பாரசீகம். மெட்ராஸில் அந்தச் சொற்கள் தெருவுக்கு இறங்கிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

இத்தனை பாரசீகச் சொற்கள் நம் வாயில் இருந்தும், பனீர் மட்டும் ரொம்ப லேட்டாகத்தான் வந்தது. காரணம், சொல் வந்தாலும் பொருள் இங்கே சமையலறைக்குள் வரவில்லை. பஞ்சாபி உணவகங்களும் 'நார்த் இண்டியன்' மெனுக்களும் பரவிய பிறகுதான் தமிழ்நாட்டுச் சாதாரண வீடுகளுக்குப் பனீர் அறிமுகமானது. இன்று ஆவினே பனீர் விற்கிறது. 'ஆ' என்றால் பசு, 'ஆவின்' என்றால் பசுவினுடைய. சுத்தமான தமிழ்ப் பெயருக்குக் கீழே ஒரு பாரசீகப் பெயர்!

ராயபுரத்தில் ஒரு பாரசீக வாசல்

வடசென்னைக்கும் பனீருக்கும் நடுவில் இன்னும் நெருக்கமான ஒரு சாட்சி இருக்கிறது. 1856-ல் திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே ராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில், பார்சிகளின் அக்கினிக் கோயில் இருப்பது அந்தப் பக்கம் தினமும் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1910 முதல் அங்கே புனித அக்கினி எரிந்துகொண்டிருக்கிறது. சென்னையில் அவர்களுக்கு இருக்கும் ஒரே கோயில் அதுதான். பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து பார்க்கலாம்.

'பார்ஸ்' என்பது பாரசீகத்தின் ஒரு பகுதி. அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் பார்சிகள். ஜொராஸ்ட்ரிய மதத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கடல் கடந்து, ஆயிரம் வருடங்களுக்கு முன்பே குஜராத் கரையில் இறங்கியவர்கள். வணிகத்துக்காகப் பல துறைமுக நகரங்களுக்குப் பரவி, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸுக்கும் வந்தார்கள். காலப்போக்கில் வீட்டுமொழி குஜராத்தி ஆகிவிட்டது. ஆனால், சீஸின் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

பார்சி சமையலில் 'தோப்லி நு பனீர்' என்று ஒன்று உண்டு. குஜராத்தியில் 'தோப்லி' என்றால் சின்னக் கூடை. கூடைப் பனீர் என்று அர்த்தம். நம்ம பனீர் மாதிரி புளிப்பு விட்டுத் திரிப்பதில்லை. ரென்னட் என்ற நொதியைச் சேர்த்து உறையவைப்பார்கள். அந்தக் காலத்தில் காய்ந்த கோழி இரைப்பையின் உள்தோலை ஊறவைத்து அந்த நொதியை எடுத்தார்கள். உறைந்ததைச் சின்னச் சின்னக் கூடைகளில் வைத்து நீரை வடியவிட்டால், கூடைப் பின்னலின் தடம் பதிந்த, வாயில் வைத்ததும் வழுக்கிப்போகிற மெத்தென்ற சீஸ் கிடைக்கும். கல்யாணம் போன்ற விசேஷங்களில் பரிமாறுவார்கள்.

கூடையை வைத்துச் சீஸுக்குப் பெயர் வைப்பது பார்சிகளின் தனி வழக்கம் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் சீஸுக்கு 'ஃப்ரோமாஜ்', இத்தாலியில் 'ஃபொர்மாஜியோ'. இரண்டுமே லத்தீனின் 'ஃபார்மா', அதாவது அச்சு என்ற சொல்லிலிருந்து வந்தவை. அச்சில் வைத்து உருவம் கொடுக்கப்பட்டது என்று பொருள். ஆங்கிலத்தின் 'சீஸ்', லத்தீனில் சீஸுக்கு இருந்த இன்னொரு பெயரான 'காஸெயுஸ்' வழி வந்தது. பாலிலுள்ள முக்கியப் புரதத்துக்குக் 'கேசின்' என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான்.

துறைமுகத்து மக்களுக்காக இன்னொன்று. மேற்கு வங்கத்தில் பேண்டல் சீஸ் என்று ஒன்று உண்டு. போர்த்துகீசியர் குடியேறிய ஹூக்ளி நதிக்கரை ஊரான பேண்டலின் பெயர் அதற்கு. அந்த ஊர்ப் பெயரே 'பந்தர்', அதாவது துறைமுகம் என்ற சொல்லின் திரிபு. பந்தரும் பாரசீகச் சொல்தான்!

திரிந்த பாலுக்கு ஏன் தமிழ்ப் பெயர் இல்லை?

இவ்வளவு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று வாழ்ந்த தமிழுக்குச் சீஸுக்கென்று ஒரு பழைய சொந்தச் சொல் ஏன் இல்லை? பதில் நம் வினைச்சொற்களிலேயே இருக்கிறது.

பால் கெட்டியாவதற்குத் தமிழ் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறது. தயிராக மாறினால் 'உறைஞ்சிருக்கு'. கட்டி கட்டியாகப் பிரிந்தால் 'திரிஞ்சு போச்சு'. முதலாவதைச் சொல்லும்போது முகத்தில் திருப்தி. இரண்டாவதைச் சொல்லும்போது பதற்றம். அரை லிட்டர் காசு வீண் என்பது ஒன்று, வெள்ளிக்கிழமை காலையில் பால் திரிந்தால் அபசகுனம் என்ற பயம் இன்னொன்று. 'போச்சு' என்ற துணைவினையே அதை ஒரு நஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறது.

பனீர் என்பது அந்தத் திரிந்த பால்தான். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டு, நாமே வேண்டுமென்று திரியவைப்பது. புளிப்பு ஏறியதும் கேசின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொழுப்பையும் பிடித்துவைத்துக்கொண்டு தனியே ஒதுங்கும். துணியில் வடிகட்டிப் பாரம் வைத்து அமுக்கினால் கட்டி. பசும்பாலில் சுமார் 87 சதவிகிதம் நீர் என்பதால், ஒரு லிட்டர் பாலுக்கு 200 கிராம் பனீர் வந்தாலே பெரிய விஷயம். புளிப்பால் சேர்ந்த புரதம் என்பதால் பீட்சா சீஸ் மாதிரி சூட்டில் உருகி இழுபடாது. அதனால்தான் தந்தூரி அடுப்பில் போட்டாலும் சதுரம் சதுரமாகவே திரும்பி வருகிறது.

ஆக, பொருள் நம் வீட்டிலும் இருந்தது. பால் திரிந்த அன்று, கொட்ட மனசு வராமல் சர்க்கரை போட்டுக் கிளறிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அம்மாக்கள் எத்தனையோ பேர். ஆனால் நஷ்டத்துக்கு யாரும் பெயர் சூட்டுவதில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் சாந்தோமில் குடியேறிய போர்த்துகீசியர்கள் நமக்கு ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று ஒரு வீட்டுக்குத் தேவையான சொற்களையே கொடுத்தார்கள். சீஸுக்கு அவர்கள் சொன்ன 'கெய்ஜு', மலாய் மொழியில் 'கெஜு'வாகத் தங்கிவிட்டது. தமிழ் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நம் அலமாரியில் வைக்க நம்மிடம் சீஸ் இல்லையே!

பின்னால் பாடப்புத்தகங்களுக்காக 'பாலாடைக்கட்டி' என்று ஒரு சொல் வந்தது. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்குக்கும் அதே பெயர். சீஸ் இந்த இரண்டிலிருந்தும் வருவதில்லை. பரீட்சையில் மார்க் வாங்கித்தந்த அந்தச் சொல்லால், ஹோட்டல் மெனுவில் இடம்பிடிக்க முடியவில்லை. "ஒரு பாலாடைக்கட்டி வெண்ணெய் மசாலா" என்று யாராவது ஆர்டர் செய்து நீங்கள் கேட்டதுண்டா?

ஒரு 'ன்' செய்த வேலை

பெயரில்லாத இடத்துக்கு ஒரு புதுப் பெயர் வந்தது: பனீர். தமிழ்க் காது அதைக் கேட்டதும், ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டது. தண்ணீர், வெந்நீர், பன்னீர் என்று பழகிய வாய்க்கு ஒற்றை 'ன'வில் நிற்கத் தெரியவில்லை. கூடவே ஒரு 'ன்' சேர்ந்தது. போர்டு எழுதியவர் எழுதினார், மெனு அச்சடித்தவர் அச்சடித்தார், பாக்கெட்டிலும் ஏறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 'நீர்' என்று முடியும் பெயரை நாம் கொடுத்திருப்பது, பாலிலிருந்து நீரைப் பிழிந்து எடுத்த பொருளுக்கு!

எழுதும்போது சீஸுக்குப் 'பனீர்', ரோஜா நீருக்குப் 'பன்னீர்' என்று பிரித்துக்கொள்வது சுலபம். மூல உச்சரிப்புக்கும் அதுதான் நெருக்கம். ஆனால் பேசும்போது? அதற்கு மக்கள் எப்போதும் வைத்திருக்கும் வழி, முன்னால் ஓர் அடைமொழி சேர்ப்பது. கேஸ் அடுப்பு வந்த பிறகுதான், அதுவரை வெறும் அடுப்பாக இருந்தது 'விறகு அடுப்பு' ஆனது. செல்போன் வந்த பிறகுதான் போன், 'லேண்ட்லைன்' ஆனது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் பொருள் அடைமொழி போட்டுத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறதோ, அது தன் இடத்தை இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்று கடையில் போய் "பன்னீர்" என்றால் கட்டி வருகிறது. மற்றதைக் கேட்க "ரோஸ் வாட்டர்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது பனீரின் முறை

சரி, பன்னீரின் இடத்தைப் பிடித்த பனீராவது நிம்மதியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சில ஹோட்டல் போர்டுகளைக் கவனித்துப் பாருங்கள். 'ப்யூர் பனீர்', 'மில்க் பனீர்' என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். பனீர் என்றாலே பாலில் செய்ததுதானே, அப்புறம் எதற்கு 'மில்க்'? அதே அடைமொழி வியாதி!

காரணம், 'அனலாக் பனீர்'. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய், கெட்டித்தன்மைக்கு ஸ்டார்ச் என்று சேர்த்து, பார்க்கப் பனீர் போலவே செய்யப்படும் பொருள். அதைத் தயாரிப்பதோ விற்பதோ குற்றம் இல்லை. ஆனால் பனீர் என்ற பெயரில் விற்பது குற்றம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பனீர் என்று பெயர் வைக்க வேண்டுமானால் அது பாலிலிருந்து வந்திருக்க வேண்டும். நீரை நீக்கிய எடையில் குறைந்தது 50 சதவிகிதம் பால் கொழுப்பாக இருக்க வேண்டும் (லோ ஃபேட் வகைக்குத் தனி அளவு உண்டு). அனலாக் என்றால் பாக்கெட்டில் அப்படிச் சொல்ல வேண்டும்.

பாக்கெட்டை நாம் படிக்கலாம். தட்டில் வரும் சதுரத்தில் எதையும் படிக்க முடியாது. வீட்டுக்கு வாங்கியதில் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மெடிக்கலில் கிடைக்கும் டிஞ்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது. நீலமாகவில்லை என்பதால் மட்டும் அது அசல் என்று முடிவுகட்டிவிட முடியாது. எண்ணெய்க் கலப்படத்தை அயோடின் காட்டிக்கொடுக்காது. அதற்கு லேப் வேண்டும். சோதித்த துண்டைச் சாப்பிடவும் கூடாது. முதல் வேலையாக, வாங்கும்போதே பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் பாலும் புளிப்பும் இருக்கலாம். எண்ணெய் என்ற பெயரைப் பார்த்தால், அது பனீர் இல்லை.

பசிக்காக, புரதத்துக்காக, "இன்னிக்கு வெஜ்" என்ற விரதத்துக்காகக் காசு கொடுத்துப் பனீர் கேட்கிறோம். கேட்ட பெயருக்குரிய பொருள் தட்டில் வர வேண்டும் என்பது ரொம்ப நியாயமான எதிர்பார்ப்பு. அன்றைக்கு ஆயாவும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

அந்த நிச்சயதார்த்தம் என்ன ஆச்சு என்கிறீர்களா? பக்கத்து வீட்டு அத்தை பூஜை அலமாரியிலிருந்து அரை பாட்டில் பன்னீர் கொண்டுவந்து கொடுக்க, செம்பு நிறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் தலையில் மணக்க மணக்கத் தெளித்தாயிற்று. அந்த 200 கிராம் பனீரும் வீணாகவில்லை. மறுநாள் குருமாவில் விழுந்தது. ஆயா இரண்டு துண்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்.

அதற்குப் பிறகு யாரையாவது கடைக்கு அனுப்பினால் ஆயா ரொம்பத் தெளிவாகச் சொல்லி அனுப்புகிறார். "தெளிக்கிற பன்னீர் வாங்கினு வா. துன்ற பன்னீர் இல்ல."